கண் சிமிட்டாதவர்

“நீ ஒரு குத்தாவது வாங்கியிருக்கியாம்மா? அப்புறம் எப்படி அடுத்தவனுக்கு மார்க் போடுவ?”

குத்துச்சண்டை ஜட்ஜ் தேர்வில் தேறிவிட்டேன் என்று நான் சொல்லப்போன அன்று, எங்கள் பக்கத்துச் சங்கத்தின் மூத்த ரெஃப்ரி கேட்டது இது. மேற்குத் தாம்பரத்தில் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பயிற்சிக் கொட்டகை. மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தராசு பிடிக்கிறவ மீனாக இருக்கணுமா சார்?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

எனக்குத் திமிர் உண்டு என்று எங்கள் கோவளத்தில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவள். இருவரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது என்னைச் சேர்க்க வந்தபோதுதான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள், முதலில் கல்லூரிக்குப் போனவள், முதலில் நாவலூரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஆபீஸ் அட்டையைக் காட்டிவிட்டு நுழைந்தவள், எல்லாம் நான்தான். குத்துச்சண்டை விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. கேளம்பாக்கத்திலிருந்து நாவலூர் வரை பஸ்ஸில் நின்றபடியே அதைப் படித்து முடித்தேன்.

படித்ததற்குக் காரணம் அப்பா. இளவயதில் அவர் கரைக்கு வந்ததும் வலையை உதறிப்போட்டுவிட்டுத் தாம்பரத்துக்கு பஸ் ஏறுவாராம், குத்துச்சண்டை பழக. நான் பிறந்த பிறகும் விடவில்லை. தலை நரைத்த பிறகும் மேடை ஏறினார். வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் கூடவே இன்னொருவரைப் பற்றியும் வரும். அவர் தாம்பரத்தில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிற பாய். கொட்டகையில் தொங்கும் மூட்டைகளுக்கு உறை தைத்ததும் அவர்தான். இருவரும் ஒரே ஒரு முறைதான் மோதினார்கள். மூன்றாவது ரவுண்டில் ஜெனரேட்டர் நின்று, மைதானம் இருண்டு, கூட்டம் கலைந்துவிட்டது. தீர்ப்பு இல்லை. அந்தத் தீர்ப்பு இல்லாத சண்டையை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு ஊரும் பேசிக்கொண்டிருந்தன.

போன வருஷம் கொட்டகைக்கு முன்சுவர் கட்டினார்கள். சுவரில் ஒரு குத்துச்சண்டைக்காரரின் முகத்தை வரைய வேண்டும் என்று முடிவானது. ஒரு முகத்துக்குத்தான் இடம். அப்பாவா, பாயா?

அந்த வாக்குவாதம் கொட்டகைக்கு எதிரே உள்ள டீக்கடையில் நடந்தது. அப்பா பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கே போனாலும் அந்த ஓரத்தைத்தான் பிடிப்பார். அவருக்கு வலப்பக்கம் பாய். நான் தள்ளி நின்று டீ குடித்தேன். அங்கே இருந்த ஒரே பெண் நான்தான்.

ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் பாயின் கட்சி. அவர்தான் ஆரம்பித்தார். “உங்காளு யாரை ஜெயிச்சாரு சொல்லு. திருவிழாவுல வந்து நின்ன நாலு பேரு. எங்க பாய் மெட்ராஸ் பூரா சுத்தி அடிச்சவரு. எத்தினி பேரை அடிச்சங்கறது பேச்சில்ல, யாரை அடிச்சங்கறதுதான் பேச்சு.”

எங்கள் கட்சிக்கு வாதாடியவர் அப்பாவோடு ஒரே படகில் போகிறவர். “உங்க பாய் கண்ணாலம் ஆனதும் கிளவுஸை ஆணில மாட்டிட்டாரு. எங்கண்ணன் எம்மாம் வருஷம் நின்னாரு பாரு. நிக்கறவன்தான்யா பெரிய ஆளு.”

“நின்னாரு, சரி. கடைசில சின்னப் பசங்க கையில தோத்தாரே, அது?”

“வயசான காலத்துல வாங்கினதெல்லாம் கணக்குல சேப்பியா நீ?”

“அப்போ வயசு காலத்துல ஜெயிச்சத மட்டும் கணக்குல வெச்சுக்குவியா? நல்லா கீதே நாயம்!”

பாய் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றினார். “பேஜாரு புடிச்சவனுங்க. மச்சான், நாம ரெண்டு பேரும் செத்தாக்கூட இவனுங்க வுட மாட்டானுங்க.” அப்பாவின் முகம் இறுகியிருந்தது. பாய்க்கு அது பேச்சு. அப்பாவுக்கு அப்படியில்லை. கடைசி இரண்டு தோல்விகளையும் அவர் வீட்டில் ஒருநாளும் பேசவிட்டதில்லை.

“படிச்ச பொண்ணு நிக்குதே, அதைக் கேளு” என்றார் ஆட்டோக்காரர்.

நான் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். ஜட்ஜ் ஒவ்வொரு ரவுண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஜெயித்தவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது. அடுத்த மணி அடித்தால் முந்தின ரவுண்டை மறந்துவிட வேண்டும். பெயர், ஊர், பழைய வெற்றி எதுவும் சீட்டில் வராது.

“அப்போ நேத்து பெரிய ஆளா இருந்தவன் இன்னிக்கு யாருமில்லையா?”

புத்தகத்தில் அதற்கு வரி இல்லை.

அதற்குள் படகுக்காரர் எழுந்தார். “யாரை அடிச்சான், எம்மாம் நாள் நின்னான், எல்லாத்தையும் வுடு. அடி வரும்போது கண்ணு சிமிட்டறானா இல்லியா? அத்தப் பாரு. அதான் ஒரிஜினல். அண்ணா, அசையாம இரு.” அப்பாவின் இடப்பக்கம் போய் நின்றார். கையை ஓங்கி, கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி வெட்டி நிறுத்தினார். அப்பாவின் இமை அசையவில்லை. இன்னொரு முறை, இன்னும் வேகமாக. அசையவில்லை.

டீக்கடை கைதட்டியது. எங்கள் பக்கத்தில் குத்துச்சண்டை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சோதனை தெரியும். புதிதாகப் பழக வருகிறவனின் முகத்துக்கு நேரே கையை வீசித்தான் அவன் தேறுவானா என்று பார்ப்பார்கள். நானும் டம்ளரை வைத்துவிட்டுக் கை தட்டினேன். என் அப்பா.

“நான்லாம் சிமிட்டுவேம்பா” என்றார் பாய். “அடி வந்தா சிமிட்டாம இன்னா பண்றது?”

“ஒத்துக்கிட்டாரு பாரு!” என்று படகுக்காரர் குதித்தார். அதற்குமேல் ஆட்டோக்காரருக்குப் பொறுக்கவில்லை. “வாயில இன்னாத்துக்கு? ரெண்டு பேரும் ஏறட்டும். நின்னுபோன சண்டைய முடிக்கட்டும். ஜெயிக்கிறவரு மூஞ்சி சுவத்துல.”

கடை வாசலில் நின்ற ரெஃப்ரி விளையாட்டாக எடுத்துக்கொள்வார், மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒத்துக்கொண்டார். சங்கத்து விழாவில் காட்சிச் சண்டை, மூன்று ரவுண்டு, மூன்று ஜட்ஜ். “மூணுல ஒண்ணு பாப்பா” என்றார் பாய், என்னைக் காட்டி. நான் மறுத்தேன். மகள் ஜட்ஜாக உட்காரக் கூடாது. “போட்டியா இது? சும்மா காட்சிதானே. எனக்கு நம்பிக்கை கீது. பாப்பா கரெக்டா போடும்.”

ரெஃப்ரி என்னைப் பார்த்தார். குத்து வாங்கியிருக்கியா என்று கேட்ட அதே பார்வை. “சரி சார்” என்றேன்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அதற்கு முன்பிருந்தே அவள் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சொம்பைக் கை இடித்துக் கவிழ்ப்பார். வாசலில் வைத்த மீன்கூடையில் காலை மோதிக்கொள்வார். “கண்ணை எங்க வெச்சிக்கினு நடக்குற? உனக்கு இப்போ சண்டை ஒரு கேடா?” என்பாள். வயதாகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

விழாவன்று மைதானம் நிரம்பியிருந்தது. கோவளத்திலிருந்து இரண்டு வேன். டாக்டர் இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார், நாடி பார்த்தார், கையை மடக்கி நீட்டச் சொன்னார். அவ்வளவுதான். ரிங்கின் மூன்று பக்கமும் மூன்று ஜட்ஜ் நாற்காலிகள். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது, கை தட்டக் கூடாது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ரெஃப்ரி வந்து கயிற்றுக்கு மேலே கையை நீட்டுவார். சீட்டைக் கொடுக்க வேண்டும்.

அப்பா சட்டையைக் கழற்றினார். தோள் இன்னும் கல்தான். ஆனால் வயிறு தளர்ந்திருந்தது. பாயின் முழங்காலில் கட்டு. இரண்டு கிழவர்கள் என்று யாரோ பின்னால் சிரித்தார்கள்.

முதல் ரவுண்டில் சிரிப்பு நின்றது. அப்பாவின் இடது கை நீண்டு நீண்டு பாயின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தது. பாய் உள்ளே வர வழியில்லை. அப்பாவுக்குப் பத்து. யோசிக்காமல் எழுதினேன், ஏனென்றால் அது உண்மை.

இரண்டாவது ரவுண்டில் பாய் அந்தக் கைக்கு வெளியே நகர்ந்து வலது கையை வீசினார். அது அப்பாவின் இடது கன்னத்தில் முழுதாக விழுந்தது. தலை திரும்பியது. மறுபடியும் வலது. மறுபடியும் விழுந்தது. அப்பா தலையை நகர்த்தவில்லை, கையைத் தூக்கவில்லை, இமையைக்கூட அசைக்கவில்லை.

“சிமிட்டல பாரு! சிமிட்டல பாரு!” படகுக்காரரின் குரல். கோவளமே எழுந்து நின்று கத்தியது.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அப்பாவின் முகம் நேராகத் தெரிந்தது. பாயின் வலது கை கிளம்புகிறது, பாதி தூரம் வருகிறது, முக்கால் தூரம் வருகிறது. அப்பாவின் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பயப்படாத முகம் அப்படி இருக்காது. பயப்படாதவனும் அடியைப் பார்ப்பான். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. அடி பட்ட பிறகுதான் அவருக்கு அடி வந்ததே தெரிந்தது. சொம்பு, கூடை, பெஞ்சின் இடது ஓரம் எல்லாம் ஒன்றாக என் தலைக்குள் வந்து விழுந்தன.

அப்பாவுக்கு இடது கண் தெரியவில்லை.

மணி அடித்தது. பாய்க்குப் பத்து, அப்பாவுக்கு ஒன்பது. ரெஃப்ரி கையை நீட்டினார். சீட்டைக் கொடுத்தேன், ஆனால் விடவில்லை. “சார், அவருக்கு இடது கண்ணு தெரியல. நிறுத்துங்க.”

“என்னது?”

“இடது கண்ணு சார். வர்ற அடி அவருக்குத் தெரியல.”

அவர் குனிந்தார். குரலை உயர்த்தவில்லை. “அப்பா அடி வாங்குறது பார்க்க முடியலன்னா எழுந்து போயிடு. ஜட்ஜ் வாயைத் திறக்கக் கூடாது. இன்னொரு வார்த்தை பேசின, நாற்காலி காலி.” சீட்டை உருவிக்கொண்டு போனார்.

கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. கூட்டத்துக்கு நான் பயந்துபோன மகள். அவ்வளவுதான். மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்துவிட்டது. நாற்காலி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பாய் முன்னே வந்தார். அதே இடத்துக்கு நகர்ந்தார், அப்பாவின் இடப்பக்கம். வழி முழுதாகத் திறந்து கிடந்தது. வலது கை தோளருகே மடங்கியது.

கை கிளம்பவில்லை.

இடது கையால் லேசாகத் தட்டிவிட்டுப் பின்வாங்கினார். மறுபடி வந்தார். மறுபடி வழி திறந்திருந்தது. மறுபடி வலது கை மடங்கியபடியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் நகர்ந்து நகர்ந்து அப்பாவின் வலப்பக்கத்துக்கே வந்தார், அப்பாவுக்குத் தெரிகிற பக்கத்துக்கு. அங்கே நின்று அடித்தார், அடி வாங்கினார். ஒவ்வொரு அடிக்கும் கண்ணைச் சிமிட்டினார். “பாய், ரைட்டு! ரைட்டு போடு பாய்!” என்று ஆட்டோக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். பாய் காதிலேயே வாங்கவில்லை. அப்பாவின் கை அவர் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

கடைசி மணி. என் முன்னால் வெறும் சீட்டு. விழுந்த அடிக்கு மார்க் உண்டு. தடுத்த அடிக்கும் ஒரு மதிப்பு உண்டு. போடாமல் விட்ட அடிக்குக் கட்டம் இல்லை. விதிப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தவள் நான். அப்பாவுக்குப் பத்து, பாய்க்கு ஒன்பது என்று எழுதினேன். மற்ற இரண்டு பேரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ரெஃப்ரி அப்பாவின் கையைத் தூக்கினார். கோவளத்துக்காரர்கள் அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் அடுத்த வருஷம் ரிட்டர்ன் மேட்ச் வேண்டும் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

பாய் படிக்கட்டில் உட்கார்ந்து கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

“இன்னா பாப்பா, கரெக்டா போட்டியா?”

“போட்டேன் அங்கிள். மூணாவது ரவுண்டுல நீங்க ரைட்டே போடல.”

“தோள்பட்டை புடிச்சிக்கிச்சு.” கட்டைச் சுருட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். “கண்ணு டாக்டராண்ட கூட்டிக்கினு போ. தள்ளிப் போடாத.”

மைதானத்து வாசலில் அப்பா பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். வேனில் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போகவில்லை. நான் கையை நீட்டினேன். “சாவி குடுங்கப்பா.”

“எதுக்கு?”

“வண்டலூர் ரோட்டுல லாரி இடப்பக்கத்துலயும் வரும்.”

சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மாம்பாக்கம் தாண்டியதும் என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அவனுக்கு ரெண்டாவது ரவுண்டுலயே தெரிஞ்சிபோச்சு, இல்ல?”

“ம்.”

“ரைட்டு வரும் வரும்னு பாத்துக்கினே இருந்தேன். வரல.”

“எத்தனை நாளாப்பா தெரியல?”

“கடைசியா தோத்தேனே, அதுல இருந்து. மொதல்ல பொகை மாதிரி. பொறவு இருட்டு. சொன்னா ஏற வுட மாட்டீங்க.” கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார். “நீ எனக்குத்தான போட்ட?”

“விழுந்த அடிக்குப் போட்டேன்.”



கண் டாக்டர் சொன்னது சுருக்கமானது. இடது விழித்திரை கிழிந்து காலம் கடந்துவிட்டது, திரும்பாது. வலது கண்ணிலும் மெலிந்த இடங்கள் இருக்கின்றன. தலையில் இன்னொரு அடி விழுந்தால் அதுவும் போகலாம். கடலில் ஒரு கண்ணோடு பிழைக்கலாம். அதுவும் இல்லாமல்?

அதற்குள் கொட்டகைச் சுவரில் அப்பாவின் முகத்துக்குக் கரிக்கோடு போட்டுவிட்டார்கள். கூடவே ரிட்டர்ன் சண்டைக்கான பேச்சும் சூடாகிவிட்டது. ஜெயித்தவர் மறுத்தால் பயம் என்பார்கள். நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். “நீ சொன்னா எம்பொண்ணு என்னைக் காப்பாத்துனதா ஆயிடும்” என்றார் அப்பா. “நானே வரேன்.”

டீக்கடையில் அதே பெஞ்சில், இந்த முறை நடுவில் உட்கார்ந்தார். படகுக்காரர், ஆட்டோக்காரர், பாய், ரெஃப்ரி எல்லோரும் இருந்தார்கள். அப்பா சுற்றி வளைக்கவில்லை. படகுக்காரரிடம் சொன்னார்.

“எனுக்கு இடது கண்ணு தெரியாதுடா. அன்னிக்கு நீ கையை வீசினியே, எனுக்குக் காத்துதான் தெரிஞ்சுது. அத்தப் போயி வீரம்னு கை தட்டிக்கினு கீறீங்க.” வலப்பக்கம் திரும்பி பாயைக் காட்டினார். “இவனுக்குத் தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சு அடிக்காம வுட்டான். அந்தக் கரிக்கோட்டை அழிச்சிடுங்க.”

பாய் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தோள்பட்டை மச்சான்” என்றார்.

“மூடு.”

படகுக்காரர்தான் முதலில் தேறினார். “இரு இரு. ஒத்தக் கண்ணோட ஏறி ஜெயிச்சாருன்னா, அப்போ இன்னும் பெரிய ஆளுதானே?”

“யோவ்! அடிக்காம வுட்டவரு பெரிய ஆளா, அடிக்காம வுட்டதுல ஜெயிச்சவரு பெரிய ஆளா?” என்று ஆட்டோக்காரர் எழுந்தார். மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஆனால் ரிட்டர்ன் சண்டை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கரிக்கோட்டை அழித்துவிட்டார்கள். சுவர் இன்றும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டால், அன்று மூன்று ரவுண்டில் நான் பார்த்த ஒரே பெரிய விஷயம் என் சீட்டில் எழுத முடியாமல் போனது. ஒரு முகம்தான் வேண்டுமென்றால் பாயின் முகத்தை வரைவேன். அப்பாவும் இதையேதான் சொல்கிறார். பாய் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

கிளம்பும்போது ரெஃப்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ அன்னைக்குச் சொன்னது சரி. நான் பார்த்திருக்கணும். ஆனாலும் ஜட்ஜ் அதைச் சொல்லக் கூடாது. அது மாறாது.”

“மாற வேணாம் சார்” என்றேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நாற்காலியில் இருப்பவளிடம் பேனா மட்டும்தான் இருக்கிறது. சண்டையை நிறுத்துகிற அதிகாரம் கயிற்றுக்கு உள்ளே நிற்கிறவருக்கு. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் கேட்கலாம் என்று நான் காத்திருக்கவில்லை. அங்கேயே, டீக்கடை வாசலிலேயே, ரெஃப்ரி பயிற்சிக்கு எப்போது ஆள் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “ஜட்ஜ் மாதிரி இல்லம்மா. உள்ள நிக்கணும். குறி தப்பி வர்றது உன் மேல விழும்” என்றார். “விழட்டும்” என்றேன்.

சேர்ந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை முதல் பயிற்சி. கொட்டகையில் இரண்டு பெண்கள் கிளவுஸ் மாட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே போனேன். ஒருத்தியின் கை தாழ்ந்து, அடிமேல் அடி விழ ஆரம்பித்ததும் இருவருக்கும் நடுவே நுழைந்து “ஸ்டாப்” என்றேன். தோளில் ஒன்று விழுந்தது. அவர்கள் நிறுத்தவில்லை.

“கேட்கல! சத்தமா!” என்றார் கீழே நின்ற ரெஃப்ரி.

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து இருவரையும் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.